உருளாத பென்சில்

காதுக்குப் பின்னால் கையைக் கொண்டுபோய் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுத்தான் அவர் எந்தக் கேள்விக்கும் பதில் சொல்வார். மணி என்ன என்று கேட்டாலும் அப்படித்தான். இருபத்தெட்டு வருடம் அந்த இடத்தில் ஒரு சிவப்புப் பென்சில் குடியிருந்தது. அது காலி செய்துகொண்டு போய் எட்டு மாதம் ஆகிறது. கைக்கு மட்டும் அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.

பிழைப்புக்கு லிஃப்ட் மெக்கானிக். நான் குடியிருக்கும் கட்டடத்தையும் சேர்த்து நாற்பத்தொரு கட்டடங்களின் லிஃப்டுகள் அவர் பொறுப்பில் இருக்கின்றன. எங்கள் அறிமுகமே மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில் நடந்தது. நான் உள்ளே, அவர் வெளியே. "உள்ள காத்து வருதுல்ல சார்? அப்ப ஒண்ணும் ஆகாது. ஆற அமர நில்லுங்க," என்றார். கால் மணி நேரத்தில் கதவு திறந்தது. வேர்த்து விறுவிறுத்து வெளியே வந்தவனை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கதவின் கீழ்ப் பள்ளத்திலிருந்து எடுத்த ஒரு துண்டு சாக்பீஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "இத்தனூண்டு. எட்டு மாடியை நிப்பாட்டிடுச்சு பாருங்க." பிறகு அதைத் தாளில் மடித்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

அவர் வீட்டு ஃப்ரிட்ஜ் மேல் ஒரு பெரிய கண்ணாடி பாட்டில் இருக்கிறது. சாக்பீஸ் அதற்குள் போய்ச் சேர்ந்ததைப் பின்னால் பார்த்தேன். சட்டைப் பொத்தான், ஹேர்பின், பேனா மூடி, பொம்மையின் ஒற்றைச் செருப்பு, ஒரு பால் பல் என்று அவர் காலத்தில் லிஃப்டுகளை நிறுத்திய சாமான்கள் எல்லாம் அதில் கிடக்கின்றன. பால் பல் எப்படி லிஃப்டுக்குள் வந்தது என்று கேட்டேன். காதைத் தடவிக்கொண்டு, "அதை மட்டும் கேக்காதீங்க சார், எனக்கே தெரியல," என்றார்.

தெருவில் அவருக்கு வைத்திருக்கும் பெயர் ரெக்கைக்காரர். காரணம் வீட்டுக்குள் நுழைந்ததும் தெரிந்துவிடும். சோபா இருக்கவேண்டிய இடத்தில் பதினாறு அடி நீளத்துக்கு ஒரு விமான இறக்கை, பஞ்சு சுற்றிய இரண்டு மரத் தாங்கிகளின் மேல் படுத்திருக்கும். இன்னொன்று எதிர்ச் சுவரோரம். விருந்தாளிகள் சாப்பாட்டு மேசை நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு இரண்டு இறக்கைகளுக்கும் நடுவில் உட்கார வேண்டும். உடல் பகுதி, கார் இல்லாத வீட்டின் கார் ஷெட்டில். காற்றாடி பீரோவுக்கு மேல், பழைய போர்வை சுற்றி. எஞ்சின் வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில். "தங்கச்சியை வீட்டுக்குக் கட்டிக் குடுத்தோம்னு நெனச்சோம். ஏர்போர்ட்டுக்குக் குடுத்திருக்கோம்," என்று அவருடைய மச்சினர் வரும்போதெல்லாம் சொல்வாராம். மெக்கானிக் சளைத்தவர் இல்லை. "அதான் வரும்போதெல்லாம் லேட்டா வர்றீங்களா மச்சான்?" என்பாராம்.

விமானம் சின்னது. ஒருவர் பின்னால் ஒருவராக இரண்டு பேர் உட்காரலாம். வயதில் அவரைவிடப் பதினோரு வருடம் மூத்தது. ஒரு பாலிடெக்னிக்கில் லிஃப்ட் பழுது பார்க்கப் போனவர், அங்கே மாடிப்படிக்குக் கீழே உடைந்த பெஞ்சுகளுக்கு நடுவில் அதைப் பார்த்திருக்கிறார். மாணவர்கள் அதன்மேல் சைக்கிள்களைச் சாய்த்து வைத்திருந்தார்கள். எடுத்துக்கொண்டு போனால் இடமாவது மிச்சம் என்று முதல்வர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். அது நடந்து ஒன்பது வருடம். எதற்காக இந்த வேலை என்று எல்லோரையும்போல நானும் கேட்டேன். "லிஃப்ட்ல எல்லாமே கம்பியும் கப்பியும்தான் சார். இதுலயும் கம்பியும் கப்பியும்தான். ஆனா மேல ஒண்ணும் கட்டியிருக்காது," என்றார். அதற்கு மேல் அவரிடமிருந்து ஒன்றும் பெயரவில்லை. விமானம் ஓட்டத் தெரியுமா என்றதற்கு, "இனிமேதான் கத்துக்கணும்," என்று பதில் வந்தது.

இந்த மாதிரிப் பழைய விமானங்களின் இறக்கை தகரத்தால் ஆனது அல்ல. லேசான மரத்தில் எலும்புக்கூடு. அதன்மேல் துணி. துணியை ஒவ்வொரு மரச் சட்டத்தோடும் சேர்த்து, மெழுகு தடவிய நூலால் இரண்டரை அங்குலத்துக்கு ஒரு முடிச்சாகத் தைக்க வேண்டும். ஊசி ஒரு அடி நீளம். இறக்கையை நிமிர்த்தி வைத்து இந்தப் பக்கம் ஒருவர் குத்த, அந்தப் பக்கம் ஒருவர் வாங்கித் திருப்பிக் குத்த வேண்டும். அந்தப் பக்கம் நின்றவர் அவர் மனைவி. ஒவ்வொரு குத்துக்கும் முன்னால் "வருது" என்று மெக்கானிக் சொல்ல வேண்டும். "வந்துச்சு" என்று இந்த அம்மாள் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் விரல் போய்விடும். "கல்யாணமாகி முப்பது வருஷம். நாங்க பேசிக்கிட்டதுல பாதி இந்த ரெண்டு வார்த்தைதான்," என்றார் அந்த அம்மாள் என்னிடம்.

அந்த அம்மாள் ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸ். சர்ஜன்கள் பயப்படும் நர்ஸ் என்று கேள்வி. "வயித்தை மூடுறதுக்கு முன்னாடி நாங்க எண்ணுவோம். உள்ள போன துணி எத்தனை, வந்த துணி எத்தனை, கத்தி எத்தனை, ஊசி எத்தனை. ஒண்ணு குறைஞ்சாலும் தைக்கக் கூடாது. எவ்ளோ பெரிய டாக்டரா இருந்தாலும் நான் சரின்னு சொன்னாத்தான் மூடணும்." இந்தச் சட்டத்தை அவர் அப்படியே வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். இறக்கை வேலைக்கு எடுக்கும் கருவிகள் மொத்தம் முப்பத்தொன்று. எல்லாம் ஒரு எவர்சில்வர் தட்டில் இருக்கும். பட்டியல் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும். துணியை மூடுவதற்கு முன் அவர் சத்தம் போட்டு எண்ணுவார். முப்பத்தொன்று வந்தால்தான் ஊசியைத் தொடலாம். மெக்கானிக் அந்த நேரத்தில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடப் பையனைப்போல நிற்பார்.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருகிற இன்னொருவர் உண்டு. வேலையிலிருந்து ஓய்வுபெற்ற விமானப் பயிற்சியாளர். கேப்டன் என்றுதான் இருவரும் கூப்பிடுவார்கள். எழுபத்திரண்டு வயது, ஒல்லி, மூக்குக் கண்ணாடி, விறைப்பான சட்டைக் காலர். பத்தொன்பது வயதில் அவர் முதல்முதலாகத் தனியாகப் பறந்தது இதே விமானத்தில். வால் பக்கத்தில் எழுதியிருந்த எண்ணைப் பார்த்ததும், "இவளா!" என்றாராம். அன்றிலிருந்து அவருக்கென்று ஒரு நாற்காலி. அதில் உட்கார்ந்து செய்தித்தாளில் குறுக்கெழுத்துப் போடுவார். அதுவும் பேனாவால். "தப்பா எழுதிடுவோம்னு நெனைக்கிறவன்தான் பென்சில் வெச்சுப்பான்," என்று மெக்கானிக்கின் காதைப் பார்த்துக்கொண்டே சொல்வார்.

இந்த ரக விமானத்தை ஓட்டத் தெரிந்தவர்கள் இன்று அரிது. கேப்டனிடம் லைசென்ஸ் இருந்தது. வருடா வருடம் டாக்டர் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் அது செல்லும். ஆகவே முதல் தடவை மேலே கொண்டுபோகப் போவது அவர்தான் என்று ஒன்பது வருடமாகப் பேச்சு. அதுதான் அவர் ஓட்டும் கடைசி விமானமாகவும் இருக்கும் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. போன வருடம் மழைக்கு முன்னால் எல்லாம் கூடிவந்தது. துணி தைத்தாயிற்று. அதன்மேல் ஏழு பூச்சு வார்னிஷும் வண்ணமும் ஏறியாயிற்று. அரசாங்கப் பரிசோதகர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார். பாகங்களை விமானத் தளத்துக்குக் கொண்டுபோய்ப் பூட்டிவிட்டு, இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிறு பறப்பது என்று நாள் குறித்தார்கள். கேப்டன் பழைய தோல் ஜாக்கெட்டை வெயிலில் காயப்போட்டார்.

அந்த வாரம் நான் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். இறக்கையை மூடுவதற்கு முன் உள்பக்கத்தைப் படம் எடுத்துப் பரிசோதகருக்குக் காட்டுவது வழக்கம். அந்தப் படங்களை அந்த அம்மாள் செல்போனில் எனக்கு ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டிக்கொண்டு வந்தார். ஒரு படத்தில் விரல் நின்றது. பின்னால் போனார், முன்னால் வந்தார், மறுபடி பின்னால் போனார்.

"ஏங்க, இங்க வாங்க."

மெக்கானிக் வந்தார்.

"இது மூணு மணி பத்து. நீங்க ரெக்கைக்குள்ள தலையை விட்டுக்கிட்டு இருக்கீங்க. காதுல பென்சில் இருக்கு. இது அஞ்சே முக்கால். தைச்சு முடிச்சாச்சு. காதுல பென்சில் இல்ல."

அவர் கை தானாகக் காதுக்குப் போயிற்று. பென்சில் இருந்தது. எடுத்துப் பார்த்தார். "இது புதுசு. மறுநாள் வேலைக்குப் போறப்ப எடுத்தது," என்றார் மெதுவாக.

முப்பத்தொரு சாமான்களின் பட்டியலில் பென்சில் இல்லை. அது கருவி என்று இருவருக்குமே தோன்றவில்லை. காது மாதிரி, மூக்கு மாதிரி அதுவும் அவரோடு பிறந்தது என்று நினைத்துவிட்டார்கள். எண்ணிக்கையில் புலியான அந்த அம்மாள் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். எனக்குப் பாவமாக இருந்தது.

இரண்டு நாள் வீட்டைப் புரட்டினார்கள். ஃப்ரிட்ஜுக்கு அடியில், எஞ்சினுக்கு அடியில், சலவைக்குப் போட்ட சட்டையில், குப்பைக் கூடையில். இல்லை. இறக்கையின் அடிப்பக்கத்தில் கைவிட்டுப் பார்க்க இரண்டு வட்டத் துவாரங்கள் உண்டு. டார்ச்சும் சின்னக் கண்ணாடியும் வைத்துப் பார்த்தால் பக்கத்துக் கட்டம்தான் தெரியும். மொத்தம் பன்னிரண்டு கட்டங்கள். நாலு பேராகத் தூக்கிச் சாய்த்துப் பார்க்கலாமே, உள்ளே இருந்தால் உருளுமே என்றேன் நான். எனக்குப் பெரிய யோசனை சொன்ன பெருமை.

"உருளாது சார்," என்றார் மெக்கானிக். "தச்சருங்க வெச்சிருக்கற தட்டைப் பென்சில். லிஃப்ட் குழிக்குள்ள பலகை மேல வெச்சா உருண்டு கீழ விழக்கூடாதுன்னுதான் இதை வாங்குறேன். இருபத்தெட்டு வருஷமா."

ஞாயிற்றுக்கிழமை கேப்டன் வந்ததும் விஷயத்தைச் சொன்னார்கள். அவர் முழுவதையும் கேட்டுவிட்டுக் குறுக்கெழுத்தில் ஒரு வார்த்தையை எழுதி முடித்தார்.

"காதுல இருந்து விழுந்தது ரெக்கைக்குள்ளதான் விழணும்னு சட்டமா? தெருவுல விழுந்திருக்கும்."

"இருக்கலாம் சார்."

"பென்சில்தானே. அதுக்கு என்ன எடை இருக்கும்?"

"எடை இல்ல சார். கப்பி. நீங்க ரெக்கையைச் சாய்க்கறப்ப அது போய்க் கப்பிக்கும் கம்பிக்கும் நடுவுல உக்காந்துச்சுன்னா, சாய்ச்ச ரெக்கை திரும்பி வராது. ஒரு சாக்பீஸ் எட்டு மாடியை நிப்பாட்டி நான் பாத்திருக்கேன். லிஃப்ட் நின்னா உள்ள இருக்கறவங்க நிப்பாங்க. இது நின்னா..."

"ரெக்கைத் துணியை அறுத்துப் பாத்தீங்கன்னா?"

"மறுபடி துணி. மறுபடி ஏழு பூச்சு. மழை தொடங்கிடும். ஈரக் காத்துல பூசினா வெள்ளை பூத்துப் போயிடும். மழை முடிஞ்சாத்தான்."

கேப்டன் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார். "அடுத்த மாசம் எனக்கு டாக்டர். போன தடவையே வலது கண்ணுல ரெண்டு வரி விட்டுட்டேன். பாவம்னு பாஸ் போட்டாரு. இந்தத் தடவை எப்படியோ. மழை முடியறவரைக்கும்லாம் என்னால சொல்ல முடியாது." பிறகு மெக்கானிக்கைப் பார்த்து, "ஓட்டப் போறவன் நான். நான் பயப்படல. நீங்க ஏன் பயப்படறீங்க?" என்றார்.

மெக்கானிக் காதைத் தடவினார்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு இறக்கையை அறுத்தார். நான் போனபோது முதல் கீறல் போட்டாகிவிட்டது. அடிப்பக்கத் துணியில், சட்டத்துக்கும் சட்டத்துக்கும் நடுவில், நீளவாக்கில் ஒரே இழுப்பு. வண்ணம் பூசிய துணி கிழியும்போது வருகிற சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை. உண்மையைச் சொன்னால் அவர்மேல் எனக்குக் கோபமாகவே இருந்தது. ஒரு கிழவனாரின் ஒரே ஆசையை ஒரு பென்சிலுக்காக இப்படிக் கத்தியால் கிழிக்க வேண்டுமா என்று மனதுக்குள் திட்டிக்கொண்டு நின்றேன். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. லிஃப்ட் கதவைத் திறக்கும்போது இருக்கிற அதே முகம்தான்.

மூன்றாவது கட்டத்தில் பென்சில் இருந்தது. வார்னிஷில் லேசாக ஒட்டிக்கொண்டு, கப்பிக்கு ஒரு சாண் தள்ளி, தேமேயென்று படுத்திருந்தது. அந்த அம்மாள் "அப்பாடா" என்றார். மெக்கானிக் நிறுத்தவில்லை. கத்தி நாலு, அஞ்சு, ஆறு என்று போய்க்கொண்டே இருந்தது. அதுதான் கிடைத்துவிட்டதே என்றேன். "படத்துல இருந்தது கிடைச்சிடுச்சு சார்," என்றார். ஒன்பதாவது கட்டத்தில் இன்னொன்று கிடைத்தது. அதைவிடக் குட்டை. எப்போது விழுந்தது என்று யாருக்கும் தெரியாது. அதை எந்தப் படமும் காட்டவில்லை, யாரும் தேடவும் இல்லை.

அந்த அம்மாள் இரண்டு பென்சில்களையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு எதிர்ச் சுவரோரம் இருந்த மற்ற இறக்கையைப் பார்த்தார். "அதையும் அறுங்க," என்றார்.

வலது இறக்கையில் ஒன்றுமே இல்லை.

இரண்டு பென்சில்களும் ஃப்ரிட்ஜ் மேல் இருக்கும் பாட்டிலுக்குள் போயின, பால் பல்லுக்கும் சாக்பீஸுக்கும் துணையாக. பட்டியலில் முப்பத்திரண்டாவதாக 'பென்சில்' என்று அந்த அம்மாள் பெரிய எழுத்தில் எழுதினார். அன்றிலிருந்து வீட்டில் பென்சில் தட்டில்தான் இருக்க வேண்டும். வேலைக்குப் போகும்போது பையில். காது காலி. பரிசோதகருக்கு மெக்கானிக்கே போன் செய்து, நீங்கள் போட்ட கையெழுத்தை அடித்துவிடுங்கள் என்று சொன்னார். தன் வேலைக் காலத்தில் இப்படி ஒரு போன் வந்ததில்லை என்றாராம் பரிசோதகர்.

மழை வந்தது. அடுத்த மாதம் கேப்டன் டாக்டரிடம் போனார். இந்தத் தடவை டாக்டர் பாவம் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு ஆறு வாரம் கேப்டன் வரவில்லை. அவர் நாற்காலியை யாரும் நகர்த்தவில்லை. மெக்கானிக் இரண்டு முறை அவர் வீட்டுக்குப் போனார். கேப்டன் காபி கொடுத்து, மழையைப் பற்றிப் பேசி அனுப்பினாராம். "திட்டியிருந்தா தேவலை சார்," என்றார் என்னிடம், எங்கள் கட்டடத்து லிஃப்டுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டே. "ஒன்பது வருஷமா அவரு கண்ணு நல்லாத்தான் இருந்துச்சு. என் காதாலதான் போச்சு." கேப்டனுக்குப் பதிலாக ஓட்ட வேறு ஊரிலிருந்து ஒரு பெண் பயிற்சியாளர் லீவு கிடைக்கும்போது வருவதாகச் சொல்லியிருக்கிறார். மெக்கானிக்தான் தேடிப் பிடித்தார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு சந்தோஷமும் இல்லை.

ஏழாவது ஞாயிறு கேப்டன் செய்தித்தாளோடு வந்து, தன் நாற்காலியில் உட்கார்ந்து, "ஏழெழுத்து, நடுவுல ட," என்றார். அவ்வளவுதான். மெக்கானிக்கின் மனைவி சமையலறைக்குள் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார். சோதனைப் பறப்பு எல்லாம் முடிந்ததும் பின் இருக்கையில் முதலில் நீங்கள்தான் போக வேண்டும் என்று மெக்கானிக் கேட்டுப் பார்த்தார். "மூட்டை மாதிரியா? உங்க சம்சாரத்தைக் கூட்டிட்டுப் போங்க," என்று சொல்லிவிட்டு அவர் குறுக்கெழுத்துக்குத் திரும்பினார். மெக்கானிக் இரண்டாவது முறை கேட்கவில்லை.

போன ஞாயிறு இடது இறக்கையை மூடினார்கள். புதுத் துணி போர்த்தி, ஒரே ஒரு கட்டம்தான் பாக்கி. கப்பி இருக்கிற மூன்றாவது கட்டம். அந்த அம்மாள் எண்ணினார். முப்பத்திரண்டு. நான் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். மெக்கானிக் தட்டை என் முன்னால் நீட்டினார். புரிந்து, பேனாவை வைத்தேன். "முப்பத்திமூணு," என்றார் அம்மாள்.

மெக்கானிக் கேப்டன் பக்கம் திரும்பினார். "சார், மூடுறதுக்கு முன்னாடி ஒரு தடவை உள்ள பாத்துடுங்க."

கேப்டன் அவரை நிமிர்ந்து பார்த்தார். செய்தித்தாளை மடித்து வைத்தார். எழுந்து, இறக்கையின் அருகில் வந்து, திறந்திருந்த கட்டத்தின் மேல் குனியப் போனார். குறுக்கே தட்டு வந்து நின்றது.

"குறுக்கெழுத்து பாதியில இருக்கு," என்றார் கேப்டன். தட்டு நகரவில்லை. அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து வைத்தார்.

"முப்பத்திநாலு."

தட்டு அப்போதும் நகரவில்லை. மெக்கானிக் அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். கேப்டன் தட்டைப் பார்த்தார், இறக்கையைப் பார்த்தார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, இரண்டு கால்களையும் மடக்கி, பென்சிலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, வெறும் கையை உள்ளே விட்டுக் கப்பியைத் தேடினார்.